சங்கமா, சங்கா?

ஐ.டி.யில் ஆட்குறைப்பு என்றதும் தொழிற்சங்கம் வேண்டும் என்கிறார்களே, சங்கம் வைத்தால் வேலைக்கே சங்கு ஊதிவிட மாட்டார்களா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

மில்லில் சங்கு ஊதினால் வீட்டுக்குப் போனவர்கள், மறுநாள் காலைச் சங்குக்குத் திரும்பி வந்தார்கள். உங்களுக்குச் சங்கும் கிடையாது. வாசலில் அடையாள அட்டையைக் காட்டுகிறீர்கள், பச்சை விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான். உள்ளே ராஜினாமாக் கடிதம் கேட்க மனிதவளத் துறையிலிருந்து இரண்டு பேர். இந்தப் பக்கம் நீங்கள் ஒருவர். அவர்களுக்கே 'டீம்' தேவைப்படுகிறது!

உங்களுக்கு மட்டும் ஏன் கூடாது? ஐ.டி. நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கச் சட்டம் பொருந்தும் என்று தமிழக அரசு 2016-லேயே சொல்லிவிட்டது.

நாங்கள் தொழிலாளிகள் இல்லை, 'அசோசியேட்'கள் ஆயிற்றே?
– அதே வாசகர் (விட மாட்டார்)

வேலையை விட்டு அனுப்பும்போது மட்டும் 'எண்ணிக்கை' ஆகிவிடுகிறீர்களே! 1918-இல் பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவராகவும் இருந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பின்னி மில் தொழிலாளர்கள் கேட்டவற்றில் ஒன்று: மதியச் சாப்பாட்டு இடைவேளையைக் கொஞ்சம் நீட்டுங்கள். நீங்கள் ஒரு கையில் தயிர்சாதம், மறு கையில் கீபோர்டு, காதில் மீட்டிங் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். முதலில் சாப்பிட்டு முடியுங்கள், சார்.