துபாய் போகும் தம்பியின் போன்

முன்பெல்லாம் துபாய் போனவருக்கு முகவரி என்றால் ஓர் அஞ்சல் பெட்டி எண்தான். ஆளின் பெயர், அதன் கீழே கம்பெனி பெயர், பி.ஓ. பாக்ஸ் இத்தனை, துபாய், யு.ஏ.இ. தெருவும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. வளைகுடா நாடுகளில் அப்போது தபால்காரர் வீடு வீடாகப் போகமாட்டார். கம்பெனிப் பெட்டிக்கு வரும் கடிதங்களை யாராவது அள்ளிவந்து கேம்ப்பில் கொடுப்பார்கள். அறந்தாங்கிப் பக்கத்தில் எங்கள் தெருவில் இருந்த அத்தைமார்களுக்கு, பள்ளிக்கூடத்துப் பையனான நான்தான் கடிதம் எழுதிக் கொடுப்பேன். உறையின் மேல் அந்த எண்ணை எழுதும்போதெல்லாம் ஓர் அத்தை, "அந்தப் பெட்டி எந்த எடத்துலடா இருக்கும்?" என்று கேட்பார். புருஷன் எந்த ஊரில், எந்த அறையில், எத்தனை பேரோடு படுத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர மாதம் ஒன்றாகிவிடும். அதனால் லீவில் வந்துவிட்டுத் திரும்புகிற யாரிடமாவது கேசட் கொடுத்து அனுப்புவார்கள். டேப் ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டு நான் ஒதுங்கி நின்றுகொள்வேன். அத்தை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பெட்டிக்கு நேராகக் குனிந்து, "நான்தான் பேசுறேன்" என்று தொடங்குவார். "ஒங்களுக்கு மேலுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் இருந்து பதில் வரும் என்பதைப் போலக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். நாடா சுற்றிக்கொண்டே இருக்கும். கோழி கூவுவதும், பிள்ளை சிணுங்குவதும், அடுத்த வீட்டில் உரல் இடிப்பதும் அந்த இடைவெளியில் பதிவாகும். அங்கே அதைக் கேட்டவர்களுக்கு அந்த இடைவெளிதான் தாங்க முடியாததாக இருந்தது என்று மாமா ஒருவர் பின்னாளில் சொன்னார்.

அந்த மாமா குவைத்தில் இருந்தவர். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. போன் கிடையாது, கடிதம் கிடையாது. வீட்டில் இருந்தவர்கள் தினமும் இரவு பிபிசி தமிழோசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஆட்களை ஏற்றிவரத் தொடங்கியபோதுதான் ஊருக்கு உயிர் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படித் திரும்பினார்கள். மாமாவின் பாஸ்போர்ட் கம்பெனி அலுவலகத்தின் இரும்பு பீரோவில் பூட்டிக் கிடந்தது. அதைத் திறக்க வேண்டியவர் ஊரைவிட்டே போயிருந்தார். மாமாவின் சட்டைப் பைக்குள் பிளாஸ்டிக் உறை போட்டு மடித்து வைத்திருந்த பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ் தாள் ஒன்று இருந்தது. தூதரகத்தில் அதைக் காட்டித்தான் பயணத்தாள் வாங்கினார். அந்தத் தாள் இல்லாத அறைத்தோழர், தான் யார் என்று நிரூபிக்க வரிசையில் நின்ற நாட்களை மாமா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று அதே தெருவில் நான் ஒரு ஜெராக்ஸ் கடையும் இணைய சேவையும் நடத்துகிறேன். விசா வந்ததும் பிள்ளைகள் டிக்கெட் பிரின்ட் எடுக்க என்னிடம்தான் வருகிறார்கள். "எல்லாம் ஏத்திட்டேன் சித்தப்பா" என்று போனை நீட்டுகிறார்கள். வாங்கிப் பார்த்தால் பத்துப் படம், நாலு கேம், பாட்டு, இன்ஸ்டாகிராம் இருக்கும். மாமா சட்டைப் பையில் வைத்திருந்தது மட்டும் அதில் இருக்காது. ஓர் அலுவலகத்தையே அடைத்து வைக்கக்கூடிய கருவி கையில் இருக்கிறது. அதை வெறுமையாக எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால் உட்கார வைத்துவிடுகிறேன்.

முதலில் போவதே சரியான வழியில்தானா என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாத பெரும்பாலோருடைய பாஸ்போர்ட் ஈசிஆர் வகை. அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். இதைத் தாண்டத்தான் ஏஜென்ட், "விசிட் விசாவுல போயிடு தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்" என்பார். அப்படிப் போனவர்களுக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. பிடிபட்டால் சட்டப்படி போனவர்தான் குற்றவாளி. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இப்போது செயலியாகவும் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் யார், யாருடைய பதிவு ரத்தாகியிருக்கிறது என்பதை அதில் தேடிப் பார்க்கலாம். ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். எங்கள் ஊரில் தாலியை அடகு வைத்து அதைப்போல நாலு மடங்கு, ஐந்து மடங்கு கொடுத்துவிட்டு வருகிறார்கள். பதிவு எண் கேட்டதற்குக் கோபப்பட்ட ஏஜென்டைப் பற்றி ஒரு பையன் வந்து சொன்னான். "கோபப்பட்டாரா, அதுதான்டா பதில்" என்றேன். அவன் அந்தப் பயணத்தை நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறு ஏஜென்ட் மூலம் ஒழுங்காகப் போனான்.

அடுத்தது ஒப்பந்தம். நம் பிள்ளைகள் ஆங்கிலமும் அரபியும் இருக்கிற தாளில் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை வாய்ப்புக் கடிதத்தைத் தொழிலாளியின் மொழியிலும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் உண்டு. கேட்டு வாங்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு, டிக்கெட் யார் பொறுப்பு என்று ஒரு வரி விடாமல் பையனோடு சேர்ந்து வாசிப்பேன். "கம்பி கட்டுற வேலைன்னு சொன்னாங்க, இதுல க்ளீனிங்னு இருக்கே சித்தப்பா" என்று என் மேசையிலேயே ஒருவன் கண்டுபிடித்தான். ஊரிலேயே தெரிந்ததால் பேசித் திருத்த முடிந்தது.

வாசித்து முடித்ததும் எல்லாப் பக்கத்தையும் வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்வேன். பாஸ்போர்ட்டின் முன்பக்கமும் கடைசிப் பக்கமும், விசா, ஒப்பந்தம், ஈசிஆர் என்றால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுத் தாள் எல்லாம் வேண்டும். அந்தக் காப்பீட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் வரை கிடைக்கும். ஒரு தகப்பனார் அந்தத் தாளை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு மறந்தே போயிருந்தார். படங்கள் கேலரியில் கல்யாணப் படங்களோடு கலந்து கிடக்கக் கூடாது. தனி ஃபோல்டர் வேண்டும், நெட் இல்லாமலே திறக்க வேண்டும், பையனின் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி, வீட்டில் ஒருவருக்கு ஒரு பிரதி. முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் அங்கே அனுமதிப்பதில்லை. ஆனாலும் வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாளுக்காகத்தான் இவ்வளவும்.

மீதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுத்தும் குரல் பதிவும் போகும், கால் போகாது. போட்டிம் மாதிரி அங்கே அனுமதித்த செயலி வேண்டும். அதை ஊரில் இருக்கிற அம்மா போனிலும் ஏற்றி, ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும். போகிறவரின் போனைத் தயார் செய்கிறவர்கள் வீட்டுப் போனை மறந்துவிடுகிறார்கள், முதல் வாரம் முழுக்க இரண்டு பக்கமும் தவிப்பு. விபிஎன் போட்டுப் பேசு என்று கூட்டாளி சொல்வான். அதை வைத்துச் சட்டத்தை மீறினால் அபராதம் 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது. வங்கி ஓடிபி எல்லாம் இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால் ரோமிங்கைக் கிளம்பும் முன்பே திறந்துவிட்டு, சிம் செத்துப்போகாமல் ரீசார்ஜ் செய்ய வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அந்தந்த நாட்டு அரசுச் செயலியும் வேண்டும்: சவூதி என்றால் அப்ஷர், கத்தார் என்றால் மெட்ராஷ். முதலாளி 'ஹுரூப்' கொடுத்து, ஓடிப்போனவர் என்று பதிந்துவிட்டாரா என்பதை சவூதியில் நம் ஆள் தானே அப்ஷரில் பார்த்துக்கொள்ள முடியும். ஒரு காலத்தில் போலீஸ் பிடித்த பிறகுதான் அது தெரியவந்தது.

மொழிபெயர்ப்புச் செயலியில் எல்லோரும் அரபியை இறக்கிக்கொள்கிறார்கள். இறக்கட்டும். ஆனால் கேம்ப்பில் ஃபோர்மேன் பேசுவது பெரும்பாலும் இந்தி, அறையில் மலையாளம், கடையில் உருது. இந்தியையும் நெட் இல்லாமல் வேலை செய்கிற மாதிரி இறக்கிக்கொடுப்பேன். வேலைத்தளத்தில் "ஹட்டோ" என்று ஒருவன் கத்தும்போது விலகத் தெரியாதவனுக்கு அடிபடும்.

நீக்க வேண்டியவையும் உண்டு. யாரோ அனுப்பிய ஆபாச வீடியோ, மத வம்பு ஃபார்வர்டு, முன்பின் தெரியாதவர்களின் படம் எல்லாவற்றையும் கிளம்பும் முன் துடைத்துவிட வேண்டும். அங்கே அடுத்தவரை அனுமதியில்லாமல் படம் எடுத்துப் போடுவதே குற்றம். சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் அங்கே கட்டுப்பாட்டில் இருப்பவை. மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவர் சீட்டையும் அந்த ஃபோல்டரிலேயே வைக்கட்டும்.

போய் இறங்கிய அன்றே படுக்கும் இடத்தின் லொக்கேஷனை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்கிறேன். தொல்லை என்றால் குடும்பம் ஊரிலிருந்தே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். புகார் எண் கிடைக்கும், அது எந்த மேசையில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வரலாம். ஆனால் ஆள் எங்கே இருக்கிறார், கம்பெனி பெயர் என்ன, பாஸ்போர்ட் எண் என்ன என்று முதலில் கேட்பார்கள். எல்லாம் பையனின் போனில் மட்டும் இருந்து, அந்தப் போனும் பறிபோயிருந்தால் வீட்டில் இருப்பவர்கள் என்ன எழுதுவார்கள்? அதனால்தான் வீட்டுக்கு ஒரு பிரதி என்று அத்தனை கெஞ்சுகிறேன். காகிதத்திலும் ஒரு செட் எடுத்துப் பெட்டியின் அடித்துணிக்குள் வைக்கச் சொல்கிறேன். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அம்மாவின் நம்பர்கூட மனப்பாடமாகத் தெரியாது. அதை மட்டுமாவது என் முன்னால் இரண்டு தடவை சொல்லிக் காட்டிவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு சாயங்காலம் போதும். உங்கள் தெருவிலிருந்தும் யாராவது கிளம்பிக்கொண்டிருப்பார்கள். வழியனுப்பப் போகிறவர்கள் விமான நிலைய வாசலில் அழுவதற்கு முன், ஒரு நாள் உட்கார்ந்து இதைச் செய்துகொடுங்கள். எதற்கும் நேரமில்லை என்றால், அமீரகம் போகிறவருடைய போனில் 80046342 என்ற எண்ணை மட்டுமாவது சேமித்துக்கொடுங்கள். அது அங்குள்ள இந்தியத் தொழிலாளர்களுக்கான உதவி மையத்தின் எண், கட்டணம் கிடையாது.