மிஸஸ் சேஸ் முதல் மீட்டிங் லிங்க் வரை

நர்சிங் படித்த என் வயதுக்காரர்கள் யாரிடமாவது மிஸஸ் சேஸ் என்று சொல்லிப் பாருங்கள், முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். 1911-இல் அமெரிக்காவில் மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் அம்மாள், ஒரு மருத்துவமனையின் நர்ஸ் பயிற்சிக்காக ஆள் உயரத்தில் செய்துகொடுத்த பொம்மை அது. அந்தப் பெயர் கடல் தாண்டி, காலம் தாண்டி, சேலத்தில் எங்கள் டெமான்ஸ்ட்ரேஷன் ரூம் கட்டிலில் வந்து படுத்துக்கொண்டது. அவளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைத்து, பெட்ஷீட் மூலையை மடித்துச் செருகி நிமிர்ந்தால், எங்கோ ஒரு சுருக்கத்தைக் கண்டுபிடித்து டியூட்டர் சிஸ்டர் மொத்தத்தையும் உருவிப் போட்டுவிடுவார். நாங்கள் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். ஊசி பழக ஆரஞ்சுப் பழம் வரும். குத்துப்படாமல் தப்பிய பழம் ஒன்று எப்படியும் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்து, ஆளுக்கொரு சுளையாகக் காணாமல் போகும்.

பாடம் என்றால் நோட்ஸ்தான். சிஸ்டர் சொல்லச் சொல்ல விரல் வலிக்க எழுதுவோம். நூலகத்தில் இருந்த ஒற்றைப் புத்தகத்துக்கு முறை வைத்துக் காத்திருந்து, நள்ளிரவு வரை ஸ்கெட்ச் பேனாவால் இதயத்தின் நான்கு அறைகளை சார்ட்டில் வரைந்து, சிவப்பும் நீலமும் கையெல்லாம் அப்பியிருக்கக் காலை டியூட்டிக்கு ஓடுவோம். அன்றைக்கு அது பெரும்பாடாக இருந்தது. இன்று நினைத்தால், பக்கத்தில் உட்கார்ந்து நீல நிறத்தை நிரப்பிக் கொடுத்த தோழியின் தோள்தான் முதலில் ஞாபகம் வருகிறது. உங்களுக்கும் அப்படி ஒரு தோள் இருந்திருக்கும்.

எட்டத்தில் இருந்து படிப்பது கொரோனாவோடு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். டிப்ளமோவோடு வேலைக்குப் போய்விட்ட எங்கள் தலைமுறைக்கு, 1994-இல் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்தான் முதல் ஜன்னல். பாடப் புத்தகங்கள் தபாலில் கட்டாக வரும். நைட் டியூட்டியில் வார்டு அடங்கிய பிறகு மேஜை விளக்கடியில் அவற்றைப் பிரிப்போம். கொல்லிமலையில் வேலை பார்த்த தோழி, நேர்முக வகுப்புக்காக எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி வருவாள். மயக்கம் தெளிய எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே அவள் எழுதிய குறிப்புகளைத்தான் நாங்கள் அத்தனை பேரும் வாங்கிப் படித்தோம்.

பிறகு 2020 வந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு ஆவதையொட்டி, உலக சுகாதார நிறுவனம் செவிலியர்களுக்கென்று அறிவித்திருந்த ஆண்டு அது. அந்த ஆண்டில்தான், மார்ச் 25-இல் தேசம் அடைபட, நான் பாடம் நடத்திய கல்லூரியின் மாணவிகள் ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போனார்கள். விளக்கேற்றி உறுதிமொழி எடுக்க வேண்டிய பிள்ளைகள் செல்போனுக்கு முன்னால் மெழுகுவத்தியோடு நின்றார்கள். குமாரபாளையத்து மாணவி பதில் சொல்ல மைக்கைத் திறந்தால் அவள் குரலுக்கு முன்னால் வீட்டுத் தறிச் சத்தம் வந்து நிற்கும். ராசிபுரம் பக்கத்துப் பெண் சிக்னலுக்காக மொட்டை மாடி ஏறி, குடை பிடித்துக்கொண்டு சிறுநீரகம் படித்தாள். ஒரே போனில் அவளும் தம்பியும் முறை வைத்துப் படித்தபோது, எங்கள் நூலகத்து ஒற்றைப் புத்தகம் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனாலும் அந்த மாதங்களில் நான் கண்ட ஒரு நன்மையை மறைக்க மாட்டேன். நர்சிங் பாடம் முதன்முறையாக வீட்டுக் கூடத்தில் நடந்தது. லாரி ஓட்டம் நின்று வீட்டில் இருந்த ஒரு மாணவியின் அப்பா, சர்க்கரை நோயாளியின் பாதப் பராமரிப்பு வகுப்பைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தவர், தன் காலைத் தூக்கிப் பார்த்து, உணர்ச்சியில்லாமல் ஆறாமல் கிடந்த ஒரு புண்ணை மகளிடம் காட்டினார். அந்த ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசின் தீக்ஷா தளத்தில் கொரோனா பயிற்சிப் பாடங்கள் வந்தன. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தபடியே ஒரு செவிலியர், பாதுகாப்பு உடையை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று வேண்டிய மட்டும் ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிந்தது.

கல்லூரி திறந்து வார்டுக்கு வந்தபோது மிச்சக் கதை தெரிந்தது. நாடித் துடிப்பு எங்கே, எத்தனை, எதனால் கூடும் என்று கேட்டால் பிள்ளைகள் மளமளவென்று ஒப்பித்தார்கள். கட்டில் அருகே போனதும் கை தயங்கியது. படுத்திருந்த அம்மாயி ஒருவர் தானே மணிக்கட்டை நீட்டி, “பயப்படாமப் புடி கண்ணு, நானென்ன ஒடஞ்சா போயிருவேன்” என்றார். விரலடியில் துடிப்பு தட்டுப்பட்ட நொடியில் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததே, அதை எந்த வீடியோவும் கொடுத்திருக்காது. தமனியை அழுத்திவிடாமலும் தவறவிடாமலும் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது விரலுக்கும் மணிக்கட்டுக்கும் இடையிலேயே தீர்மானமாகிற விஷயம்.

2021-இல் வந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் செமஸ்டர், கிரெடிட், சிமுலேஷன் என்று ஆளே மாறி நிற்கிறது. 2022-இல் நாமக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மிஸஸ் சேஸின் பேத்திகள் இப்போது மூச்சு விடுகிறார்கள், இருமுகிறார்கள், நாடியும் துடிக்கிறது. எனக்கு இதெல்லாம் மனதாரச் சந்தோஷம். பாடம் போனிலேயே கிடைப்பதால், நாங்கள் நோட்ஸ் எழுதியே தீர்த்த மணிநேரங்கள் இன்றைய பிள்ளைகளுக்கு மிச்சமாகின்றன. அந்த நேரத்தை இன்னொரு ஆன்லைன் தேர்வும் இன்னொரு அசைன்மென்ட்டும் தின்றுவிடக் கூடாது. ஆசிரியர்களிடமும் நிர்வாகங்களிடமும் நான் கேட்பது அது ஒன்றுதான்: மிச்சமான மணிநேரங்களை அப்படியே வார்டுக்குக் கொடுங்கள், பிள்ளைகள் நோயாளியின் பக்கத்தில் நிற்கட்டும்.