வளைஞ்ச கண்ணாடியும் பொரிச்ச முட்டையும்

ஏலே பேராண்டி, அந்த போனைக் கீழ வை. லண்டனுக்குப் போனா அந்தக் கண்ணாடிக் கட்டடத்து முன்னால நின்னு படம் புடிக்கணும்னு குதிக்கியே, அது செஞ்ச சோலி தெரியுமாலே ஒனக்கு?

ரஃபேல் வின்யோலின்னு ஒரு பெரிய மனுசன். உருகுவே நாட்டுல பொறந்து, நியூயார்க்ல ஆபீஸ் போட்டு, தேசம் தேசமாக் கட்டடம் எழுப்பி, 2023-ல போய்ச் சேந்தாரு. அவரு வரைஞ்ச ரெண்டு கோபுரத்தைத்தான் சொல்லுதேன். ஒண்ணு லாஸ் வேகஸ்ல வ்டாரா ஓட்டல். 57 மாடி, 2009-ல தொறந்தது. இன்னொண்ணு லண்டன்ல ஃபென்சர்ச் தெருவுல, 160 மீட்டர் ஒசரம். வாக்கி டாக்கின்னு ஊரே பட்டப்பேரு வச்சிருக்கு.

ரெண்டுக்கும் ஒரே சாதகம்லே. தெக்கு பாத்த மொகம். மொகம் பூரா கண்ணாடி. அதுவும் உள்ளார குழிஞ்ச கண்ணாடி! அந்தச் சீமையில சூரியன் தெக்க சாஞ்சுதான் நிக்கும். தட்டையா நிக்க கண்ணாடின்னா வந்த வெயிலை அப்படியே திருப்பி விட்டுரும். குழிஞ்சது அத்தனையையும் கூட்டிச் சேத்து ஒரே எடத்துல கொட்டும். பூதக்கண்ணாடியை வெயில்ல புடிச்சு காயிதத்தைப் பொசுக்காத பய எவனாவது உண்டா? அஞ்சாங்கிளாஸ் பாடம்லா இது!

வேகஸ்ல அந்தக் குழிக்கு நேர் கீழ என்ன வச்சாவ தெரியுமா? நீச்சல் குளம். பாலைவனத்து ஊரு வேற. 2010-ல ஒருத்தரு காத்தாட வந்து படுத்தாரு. தலைமயிரு பொசுங்கி நாத்தம் அடிச்சிருக்கு. பக்கத்துல கெடந்த பிளாஸ்டிக் பை உருகிப் போச்சு. இப்படி ஆவும்னு முன்கூட்டியே தெரிஞ்சு கண்ணாடியில படலமெல்லாம் ஒட்டித்தான் வச்சிருந்தாவளாம். தெரிஞ்சவன் குழியை நிமுத்துவானா, படலம் ஒட்டுவானா?

சரி, ஒருக்கச் சுட்டாச்சு. அடுத்த தடவை சூதானமா இருப்பாவன்னுதான நெனைப்ப? 2013 ஆவணியில லண்டன்ல வேலை முடியுத சமயம். கீழ நின்ன ஜாகுவார் காரு ஒண்ணுல சில பாகங்க உருகி நெளிஞ்சு போச்சு. கட்டுனவங்க 946 பவுண்டு எடுத்து வச்சாவ. முடிவெட்டுத கடையில மிதியடி கருகுச்சு. ஒரு நிருபர் சட்டியை ரோட்டுல வச்சு முட்டையை ஒடைச்சு ஊத்துனாரு. பொரிஞ்சு போச்சுலே! அடுப்பும் இல்ல, வெறகும் இல்ல.

தெக்குப் பக்கம் வெயிலைத் தடுக்கப் பட்டைச் சட்டங்க மொத வரைபடத்துல இருந்துச்சாம். செலவு மிச்சம்னு அதைக் கழிச்சுப்புட்டாவன்னு பேச்சு. வரைஞ்சவரு சொன்ன சமாதானம் அதைவிட ருசி. நான் மொத மொத லண்டன் வந்தப்ப இம்புட்டு வெயிலு இல்லையேன்னாரு. அப்போ குத்தவாளி யாரு? சூரியன்!

கடேசியில அந்த மாதிரிச் சட்டங்களை 2014-ல மாட்டுனாவ. தெரு குளுந்துச்சு. மறுவருசமே நாட்டுல ரொம்ப அசிங்கமான புதுக் கட்டடம்னு ஒரு பத்திரிகை பரிசும் குடுத்துச்சு. அசிங்கமோ அழகோ, அதை விடு. அது மேல போகப் போக அகலமாவுதே, ஏன்னு கேட்டியா? ஒசர மாடிக்குத்தான் வாடகை சாஸ்தி. நுனியைப் பெருக்குனா பணமும் பெருகும். வெயிலுக்கு மட்டும் கணக்குப் போடத் தெரியாத பெரிய படிப்பு, வாடகைக்கு எப்படிப் போட்டிருக்கு பாத்தியா?

வெல போவாதுன்னு நெனைக்காத. 2017-ல 128 கோடி பவுண்டுக்கு வித்துச்சு. வாங்குனது யாருலே? ஹாங்காங் லீ கும் கீ குடும்பத்துக் கம்பெனி. சிப்பி சாஸ் விக்கவங்க. முட்டை பொரிஞ்ச தெருவுக்குத் தொட்டுக்கிடவும் ஆள் வந்தாச்சு.