அரிசிமணி சிப்பும் ஏலக்காய் ஸ்டோர் கேமராவும்

கேள்வி: எங்கள் ஏலக்காய் ஸ்டோரில் மாட்டியிருக்கும் கேமராவுக்குள் உளவு சிப் இருக்கும் என்று மகன் பயமுறுத்துகிறான். கழற்றிவிடலாமா?
– ஏல விவசாயி, ஆனைக்கரை

பதில்: கழற்ற வேண்டாம், முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாட்டிக்கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன எண்ணே இன்னும் இருந்தால், உங்கள் ஸ்டோரில் காய் உலர்வதை வெளியாள் பார்க்க சிப்பே தேவையில்லை. 2021-இல் சீனக் கம்பெனியான ஹிக்விஷனின் கேமராக்கள் பலவற்றில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையும் ஓட்டை வெளிப்பட்டது. கம்பெனி திருத்தம் கொடுத்தது. அதை ஏற்றாத கேமராவில் ஓட்டை அப்படியே இருக்கிறது.

கேள்வி: அமெரிக்க சர்வர்களில் சீனா அரிசிமணி அளவு சிப்பை ஒளித்துவைத்தது என்றார்களே, நெருப்பில்லாமல் புகையுமா?
– நெடுங்கண்டம் வாசகர்

பதில்: புகையைப் பார்த்ததாக 17 பேர் சொன்னார்கள். நெருப்பை ஒருவரும் காட்டவில்லை. 2018 அக்டோபர் 4 அன்று புளூம்பெர்க் செய்தி நிறுவனம் வெளியிட்ட செய்தி அது. சர்வர் தயாரிக்கும் சூப்பர்மைக்ரோ கம்பெனியின் மதர்போர்டுகளில் சிப் செருகப்பட்டதாகவும், ஆப்பிளும் அமேசானும் அதைக் கண்டுபிடித்ததாகவும் எழுதினார்கள். மூன்று கம்பெனிகளும் ஒரேயடியாக மறுத்தன. அந்த மறுப்பைச் சந்தேகிக்கக் காரணமில்லை என்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் சொன்னது. சூப்பர்மைக்ரோ வெளியாரை வைத்துச் சோதித்தபோதும் எதுவும் சிக்கவில்லை. 2021-இல் புளூம்பெர்க் மறுபடி எழுதியது. அப்போதும் சிப் வெளியே வரவில்லை. சர்வர் போர்டு கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள். ஒரே ஒரு போர்டையாவது பொதுவில் வைக்கும்வரை இதை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: அப்படியானால் கருவிக்குள் உளவு என்பதே கட்டுக்கதையா?
– கம்பம் வாசகர்

பதில்: இல்லவே இல்லை. 1984-இல் அமெரிக்காவின் மாஸ்கோ தூதரகம், லெனின்கிராட் துணைத் தூதரகம் இரண்டின் டைப்ரைட்டர்களைப் பிரித்தபோது, அடிக்கும் எழுத்தையெல்லாம் சோவியத்துக்கு அனுப்பும் கருவி 16 மெஷின்களில் இருந்தது. நம் கதை அதைவிடக் கசப்பானது. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏ.ஜி., அரசுகளின் ரகசியச் செய்திகளைச் சங்கேதமாக்கும் கருவிகளை விற்றது. அந்தக் கம்பெனியை 1970-இல் ரகசியமாக வாங்கியவர்கள் அமெரிக்க சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மன் உளவுத் துறையும். வாடிக்கையாளர்களில் இந்தியாவும் உண்டு, பாகிஸ்தானும் உண்டு. காசு கொடுத்துப் பூட்டு வாங்கினோம். சாவி அவர்களிடம் இருந்தது. 2020-இல்தான் இது வெளியே வந்தது. சீனாவை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

கேள்வி: 2020 அக்டோபர் 12 மும்பை மின்தடை சீனாவின் வேலைதானே?
– கட்டப்பனை வாசகர்

பதில்: இணைய நாசவேலையாக இருக்கலாம் என்றது மகாராஷ்டிர அரசு. மனிதத் தவறு என்றார் அன்றைய மத்திய மின்துறை அமைச்சர் ஆர்.கே. சிங். இரு தரப்பும் ஆதாரத்தை மக்கள் முன் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: புதிதாக கேமரா வாங்கினால் எதைக் கேட்டு வாங்குவது?
– போடி வியாபாரி

பதில்: இணையத்தில் இணையும் கேமராக்களின் உள்பாகம், மென்பொருள் இரண்டையும் அரசு ஒப்புதல் பெற்ற கூடத்தில் சோதிக்க வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 9 முதல் அமலில் இருக்கிறது. அந்த மாடலுக்கு மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பான எஸ்.டி.க்யூ.சி. தந்த சான்றிதழைக் கடையில் கேளுங்கள். காட்டாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.