கூட்டுக்காரன்

திருவட்டாறு பக்கம் ஒரு சண்டைப்படம் எடுக்க மூன்று பேர் போதும். அடிக்க ஒருவன், செல்போன் பிடிக்க ஒருவன், அடி வாங்க ஒரு கூட்டுக்காரன். முதல் இருவருக்கும் மாற்றாள் உண்டு. மூன்றாமவன் காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குப் படப்பிடிப்பு இல்லை.

கதைப்படி அவன் ஹீரோவின் உயிர்த்தோழன். பைசா தட்டுப்பாடு என்பதால் முகத்தில் துவர்த்தைக் கட்டிக்கொண்டு அடியாளாகவும் வருவான். அதையே தலைப்பாகையாக்கினால் வில்லனின் வலதுகை. ஒரு படத்தில் தன்னைத்தானே கடத்திக்கொண்டு போனான். கடத்தியவனாக ஹீரோவிடம் நாலு உதை வாங்கினான். பிறகு துவர்த்தை அவிழ்த்தெறிந்துவிட்டு, மீட்கப்பட்டவனாக அதே ஹீரோவைக் கட்டிப்பிடித்து அழுதான்.

படப்பிடிப்புக்கு நாள் குறிப்பவனும் அவனே. தை, மாசியைத் தாண்டினால் வரமாட்டான். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தோட்டம் முழுக்கச் சருகு மெத்தை விரித்திருக்கும் காலம் அது. பால்வெட்டுக்காரர்கள் போனபிறகு, கல் கிடக்கிறதா, சிரட்டை கிடக்கிறதா என்று காலால் துழாவி, விழுவதற்கு ஓர் இடம் பிடித்துவைப்பான். ஹீரோ பவுடர் போடும் நேரத்தைவிட இதற்கு நேரம் அதிகம்.

"எதுக்குடே இந்தப் பொழப்பு?" என்று கேட்டால் வரலாறு பேசுவான். 1973-இல் வந்த 'என்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீயிடம் அடிபட்டுச் சாய்ந்தவர்களில் ஜாக்கி சானும் ஒருவர். ஐந்தே வருடத்தில் 'டிரங்கன் மாஸ்டர்', அதில் அவரே ஹீரோ. சரி, நீ விழத் தொடங்கி எத்தனை வருடம் என்று கேட்டால் மட்டும், சாயா ஆறுகிறது என்பான். இன்னும் நெருக்கினால், "நம்ம ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குக் கெடக்காரு, ஊரே கும்பிடுது. நான் கெடந்தா மட்டும் கொறச்சலா?"

2020 பொங்கலுக்கு தனுஷின் 'பட்டாஸ்' வந்து அடிமுறையைத் திரையில் காட்டியதும், நம்மூர் ஹீரோக்களுக்கும் அசல் அடிமேல் ஆசை வந்தது. வர்ம வைத்தியமும் தெரிந்த ஓர் ஆசானைக் கூட்டிவந்தார்கள். அவர் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு ஹீரோவிடம் கேட்டார்: "லேய், படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆகமொத்தம் 108. நீ அடிச்ச எடம் இதுல ஒண்ணுலயும் வராது. பொறவு அவன் எதுக்குல விழுந்தான்?"

கூட்டுக்காரன் எழுந்து சருகைத் தட்டினான். "சரியான எடத்துல அடிச்சா நீங்கதான் தடவி எளக்கணும் ஆசானே. அதுக்குப் பட்ஜெட் இல்ல."

ஆசான் ஹீரோவை விட்டுவிட்டு, இவனைக் களரிக்கு வரச்சொன்னார். விழத் தெரிந்தவனுக்குத்தான் அடி சொல்லிக்கொடுக்க முடியுமாம். இவன் போகவில்லை. அடிக்கப் படித்துவிட்டால் அடுத்த படத்தில் யார் கூப்பிடுவார்கள் என்று பயம்.

ஹீரோக்களின் ஆயுள் இரண்டு படம். மூன்றாவது தொடங்குவதற்குள் விசா வந்து, கத்தாருக்கோ துபாய்க்கோ விமானம் ஏறிவிடுவார்கள். அடுத்தவன் வருவான், ஜிம்மில் ஏற்றிய புஜமும் நடுங்கும் கையுமாக. கூட்டுக்காரன் அவனை மரத்தடிக்கு அழைத்துப்போய்த் தோளில் தட்டுவான்:

"மக்கா, நீ கைய மட்டும் ஓங்கு. பறக்கதும் விழுகதும் நான் பாத்துக்கிடுகேன்."