நள்ளிரவுக் கீச்சொலி: புகை அலார ஆய்வில் மூலமும் உரையும்

ஒரு வீட்டின் உட்கூரையில் ஆங்காங்கே பொருத்தப்பட்டு, ரேடியோ அலைகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, ஏதேனும் ஒன்று புகையைக் கண்டுவிட்டால் எல்லாம் ஒருசேர அலறும் கருவித்தொகுதி இணைப்புப் புகை அலாரம் எனப்படும். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீ 72 பேரைப் பலிகொண்டதை அடுத்து ஸ்காட்லாந்தில் வகுக்கப்பட்டு, 2022 பிப்ரவரி 1 முதல் அந்நாட்டின் எல்லா வீடுகளுக்கும் பொருந்திவரும் விதியால் இக்கருவி பரவலாயிற்று. அவ்விதியின் நோக்கத்தில் எவருக்கும் ஐயமில்லை. தீயோ புகையோ இல்லாத ஓர் இரவில், விடியற்காலை மூன்று மணிக்கு எழும் ஒற்றைக் கீச்சொலி எந்த அலாரத்திலிருந்து வருகிறது என்பதே இன்றளவும் தீராத ஆய்வுச் சிக்கல்.

இத்துறையின் மூலநூல், அலாரப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கப்பட்டுள்ள துண்டுத்தாள் ஆகும். குடும்பத்தார் மிகுதியாகப் புழங்கும் அறையில் ஒன்று, ஒவ்வொரு நடைகூடத்திலும் மாடிப்படி முடியும் இடத்திலும் ஒவ்வொன்று, சமையலறையில் புகைக்கு மாறாக வெப்பத்தை உணரும் அலாரம் ஒன்று என விதி இடம் வகுக்க, சுவரிலிருந்தும் விளக்கிலிருந்தும் 30 செ.மீ. தள்ளிப் பொருத்துக என்று மூலநூல் அதை மேலும் நுணுக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் பிறவற்றோடு இணைந்திருக்க வேண்டியதில்லை என்பதால் ஆய்வுலகில் அதற்கு நண்பர்கள் இல்லை.

இணைத்தல் என்பது பொத்தான்களைச் சொன்ன வரிசையில் அழுத்துவதே. அண்டை வீட்டாரும் அதே நேரத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் இரு வீடுகளும் ஒரே தொகுதியாகிவிடக்கூடும் என்பது மட்டும் கருதத்தக்கது.

பொய்யலறல் குறித்தும் நெடிது பேச வேண்டியதில்லை. அலாரத்தின் உள்ளறையில் ஓர் ஒளிக்கற்றை ஓடுகிறது. அது வழக்கமாக உணர்வியின் மேல் படாது. புகை நுழைந்தால் ஒளி சிதறி உணர்வியைத் தொட, அலறல் தொடங்கும். கருகிய ரொட்டியின் புகையையும் வெந்நீர்க் குளியலின் ஆவியையும் குடிபுகுந்த சிலந்தியையும் வேறுபடுத்தி அறியும் புலமை உணர்விக்கு இல்லை. கண்டதையெல்லாம் சான்றாகக் கொள்ளும் அதன் இயல்பு ஆய்வாளர்களுக்குப் புதிதன்று. உள்ளறையைத் துப்புரவாக்க மென்தூரிகை பொருத்திய தூசி உறிஞ்சி போதும்.

கீச்சொலிக்கு வருவோம். பேட்டரி தளர்ந்த அலாரம் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கணம் மட்டும் கீச்சிடும். இரவில் வீட்டுச் சூடேற்றி அணைந்ததும் குளிர் ஏற, பேட்டரியின் வேதிவினை மந்தமாகி மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே இறங்குவதால் ஒலி பெரும்பாலும் விடியலை ஒட்டியே எழுகிறது. காலையில் வீடு சூடேறியதும் சான்று மறைந்துவிடுகிறது. ஒலி எழும் திசையை அறிவதோ அதனினும் அரிது. தாழ்ந்த சுருதி ஒலிகளை இரு காதுகளுக்கும் அவை வந்துசேரும் நேர வேறுபாட்டாலும், உயர்ந்த சுருதி ஒலிகளை அவற்றின் வலிமை வேறுபாட்டாலும் மனிதர் இடங்காண்கின்றனர். இவ்விரண்டும் சரிவரக் கைகொடுக்காத இடைநிலம் ஏறத்தாழ 3,000 ஹெர்ட்சில் அமைகிறது. இதை 1936இல் வெளியிட்ட ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஸ்டீவன்ஸும் நியூமனும், கட்டடத்தின் மொட்டைமாடியில் உயரமான நாற்காலி ஒன்றில் ஆளை உட்கார்த்தி ஒலியெழுப்பிக் கேட்டனர் என்பது உண்மை வரலாறு. பெரும்பாலான புகை அலாரங்கள் ஒலிப்பதும் இதே 3,000 ஹெர்ட்சை ஒட்டித்தான்.

இவ்விடர்ப்பாட்டில் இரு பள்ளிகள் தோன்றின. நின்றுகேட்போர் ஓர் அலாரத்தின் கீழ் நின்று அடுத்த கீச்சுக்குக் காத்திருப்பர். நடந்துகேட்போர், நின்றவரிடத்தில் ஒலி ஒருபோதும் எழுவதில்லை என்னும் துணிபால் அலைந்துகொண்டே இருப்பர். ஏணியின் மூன்றாம் படியில் நின்று உரை வரைந்த பெயர் தெரியா உரைகாரர் முதற்பள்ளியைச் சார்ந்தவர். அவ்வுரையின் இரண்டாம் பதிப்பில் சேர்ந்து மூன்றாம் பதிப்பில் நீங்கிய அடிக்குறிப்புக்கு எழுந்த மறுப்பின் பின்னிணைப்பை, மூலத்தைக் காணாமலேயே இரண்டாம் பள்ளியார் இடைச்செருகல் என ஒதுக்கினர். போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இல்லத்தரசி அருளிய வாய்மொழி மரபு, ஏட்டில் ஏறாமையால் எவராலும் மேற்கோள் காட்டப்படவில்லை.

காலக்கணிப்பே இதில் பெருஞ்செல்வாக்குடையது. மாற்ற முடியாதபடி பேட்டரி அடைக்கப்பட்ட அலாரத்தின் ஆயுள் 10 ஆண்டுகள். அதை மாற்ற வேண்டிய ஆண்டு அதன் உடலிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிப்பது ஆய்வுநெறிக்கு இழுக்கெனக் கருதி, பிளாஸ்டிக் மஞ்சளித்த அளவைக் கொண்டு காலம் குறித்து, முந்தைய அறிஞர் சொன்னதைவிடச் சில ஆண்டுகளேனும் தொன்மையானது என்று நிறுவிய பின்னரே உறங்கச் செல்வது புலவர் வழக்கு. பிற மொழி ஏடுகளின் காலத்தைக் கணிப்போரும் இந்நெறியையே பின்பற்றுவர் என்று சிலர் கூறுவது புறங்கூற்று.

மூன்றாவதாகக் கழற்றுவோர் பள்ளி எழுந்தது. ஐயத்துக்குரிய அலாரங்கள் அனைத்தையும் உட்கூரையிலிருந்து இறக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வரிசையாக வைத்தபோதும் கீச்சொலி நிற்கவில்லை. தேடியபோது, புதியவை வந்த நாளில் அகற்றப்பட்ட பழைய அலாரம், சமையலறை இழுப்பறையில் ரப்பர் வளையங்களுக்கும் காலாவதியான கூப்பன்களுக்கும் அடியில், பேட்டரியோடு கிடந்தது. உட்கூரையில் இல்லாதது இலக்கணப்படி அலாரம் ஆகாது, ஆகவே அதிலிருந்து பிறப்பதும் கீச்சொலி ஆகாது என்று மூன்று பள்ளியாரும் முதன்முறையாக ஒருமித்து அறிவிக்க, அறுபதாம் நொடியில் இழுப்பறையிலிருந்து மறுப்பு வந்தது.