எலிப்பெயர்ச்சி: குமாரபாளையம் தறிப்பட்டறைப் பூனைகள் குறித்து ஓர் ஆய்வு

பூனை எலி பிடிக்கும் என்பது உலக வழக்கு. உலக வழக்கு எதையும் எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை. ஆகவே எண்ணிப் பார்க்கும் பொறுப்பு ஆய்வாளர்கள் தலையில் விழுகிறது. அப்பொறுப்பை ஏற்று, இவ்வாய்வாளன் சென்ற கோடையில் நாற்பது நாள், குமாரபாளையத்தில் தன் பெரியப்பாவின் எட்டுத் தறிப் பட்டறையில், கவிழ்த்துப் போட்ட தார்ப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தான். வேறு வேலை கிடைக்காததால்தான் உட்கார்ந்தான் என்று பெரியம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லிவருவது ஆய்வின் வரம்புக்கு வெளியே உள்ள செய்தி.

முதற்கண் களம். குமாரபாளையம் காவிரியின் கிழக்குக் கரையில் உள்ளது. பாலத்தைத் தாண்டினால் பவானி. அக்கரையில் ஜமுக்காளம், இக்கரையில் லுங்கியும் துண்டும். 1997 சனவரி முதல் நாளன்று நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. இந்த மாற்றம் எலிகளின் நடத்தையில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை.

துணி நெய்யும் இடத்தில் எலிக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது வழக்கம். நெல்லும் சோளமும் இருக்கும் இடத்துக்குத்தானே எலி வரும்? இங்கேதான் சைசிங் என்னும் தொழிலை விளக்க வேண்டியிருக்கிறது. பருத்தி நூலை அப்படியே பாவாகத் தறியில் ஏற்றினால் அச்சு அடிக்கிற அடியில் இழை இழையாக அறுந்துபோகும். அதற்காகக் கஞ்சித் தொட்டியில் தோய்த்து, சூடான உருளைகளில் காயவைத்து, பீமில் சுற்றித் தருகிறார்கள். கஞ்சிக்கு மாவு வேண்டும். மாவுக்குச் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பஞ்சமே இல்லை; மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கும் ஆலைகள் நிறைந்த பூமி இது. அவற்றை விற்றுத் தருவதற்கென்றே சேலத்தில் 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். இழை வழுக்கிப் போகட்டும் என்று பழைய முறைக் கஞ்சியில் கொஞ்சம் கொழுப்பும் சேர்ப்பதுண்டு.

எனவே எலியின் நோக்கில் பாவு பீம் என்பது என்ன? ஆயிரக்கணக்கான இழைகளில் பூசி, பதமாகக் காயவைத்து, உருளையில் சுற்றி, வீடு தேடிக் கொண்டுவந்து இறக்கிய மரவள்ளி வடகம். நெய் விட்டது. சாப்பிட்ட பிறகு படுக்கக் கழிவு நூல் மெத்தை. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. தேய்த்துக்கொள்ள மரத்தில் நாடா, எருமைத் தோலில் பிக்கர், பல் கூசினால் மோட்டார் ஒயர். இவ்வளவையும் விட்டுவிட்டு அது வயலுக்குப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. ஞாயிறு முழுக்கத் தறி ஓடவில்லை. பெரியப்பா ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு நான்காம் தறிக்குப் போனார். புதுப் பீம். அதன் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பிறை வடிவில் கடி. மேலே பார்த்தால் ஒன்றுமில்லை, லேசாக நூல் சிலிர்த்திருந்தது, அவ்வளவுதான். விரலை வைத்தால் உள்ளே அடுக்கடுக்காக இழைகள் அறுந்து கையோடு வந்தன. பாவு பிணைக்கும் அக்காவை வரச் சொன்னோம். அவர் சாம்பலை விரலில் தொட்டுக்கொண்டு, ஒவ்வோர் இழையாகத் தேடிப் பிடித்துத் திரித்துக்கொண்டே கேட்டார்: “ஏனுங்ண்ணா, நீங்க சோறு போடறது பூனைக்குங்களா, எலிக்குங்களா?”

பட்டறையில் அப்போது பூனையே இல்லை. பெரியப்பா அன்று மாலையே ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்.

மஞ்சள், கருப்பு, வெள்ளை மூன்றும் கலந்தவள். முந்நிறப் பூனை அநேகமாகப் பெட்டையாகவே இருக்கும். மஞ்சளையும் கருப்பையும் முடிவு செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், இரண்டு நிறமும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும். ஆனால் பட்டறைக்குள் இந்த அறிவியலுக்கு மதிப்பில்லை. பறக்கிற பஞ்சு படிந்து படிந்து, மாலை ஆறு மணிக்குள் மூன்று நிறமும் ஒரே சாம்பல் வெள்ளையாகிவிடும். கடமைக்கு ஒரு சுற்று வந்து ஒவ்வொரு தறியடியிலும் எட்டிப் பார்த்துவிட்டு, மடித்து வைத்த லுங்கிகளின்மேல் போய்ப் படுத்துக்கொள்வதால், தறி ஓட்டுபவர்கள் அவளுக்கு ‘மேஸ்திரி’ என்று பெயர் வைத்தார்கள். நிஜ மேஸ்திரி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இனி முன்னோர் கண்டவை. தொல்காப்பிய மரபியல், கீரி, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கின் இளமைக்கும் ‘குட்டி’ என்ற ஒரே பெயரை ஒரே நூற்பாவில் கொடுத்துவிடுகிறது. தின்பதையும் தின்னப்படுவதையும் ஒரே வரிசையில் உட்கார வைத்த இந்த ஏற்பாட்டை உரையாசிரியர்கள் இலக்கணமாகக் கொண்டார்கள். இவ்வாய்வாளனுக்கு இதில் ஏதோ உள்ளூர் உடன்படிக்கையின் வாடை அடிக்கிறது. சைப்ரஸ் தீவில் மனிதனுக்குப் பக்கத்திலேயே பூனையைப் புதைத்த குழி ஒன்றை 2004இல் அறிவித்தார்கள். வயது ஏறத்தாழ 9,500 ஆண்டு. தானியத்தைச் சேர்த்து வைக்கக் கற்றவன் எலியைச் சேர்த்தான், எலி பூனையைச் சேர்த்தது என்பது அறிஞர் கருத்து. பிரிட்டிஷ் அரசு 1929இல் தன் அலுவலகப் பூனையின் பராமரிப்புக்கு நாளுக்கு ஒரு பென்னி ஒதுக்கி முறையாக ஆணையிட்டது. நம்மூரில் 2023 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரம் இலவசம். பூனைக்கு ஒரு சொட்டுப் பாலுக்கும் வழி செய்யவில்லை. பெரியப்பா சொந்தச் செலவில்தான் ஊற்றுகிறார்.

ஸ்காட்லாந்தில் கிளென்டரட் என்ற விஸ்கி ஆலையில் டவுசர் என்ற பூனை இருந்தது. 1963இல் பிறந்து 1987இல் மறைந்தது. பிடித்தவை 28,899 எலிகள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் பிறந்த நாளிலிருந்து இறந்த நாள்வரை, விடுப்பே எடுக்காமல், நாளுக்கு மூன்றேகாலுக்கும் மேல். சில நாள் எண்ணிப் பார்த்து மிச்சத்தைப் பெருக்கியிருக்கிறார்கள். எண்ணிய இடம் சாராய ஆலை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஆகவே பெருக்குவதில்லை என்ற உறுதியோடு நான் (இவ்வாய்வாளன்) எண்ணத் தொடங்கினேன். நாற்பது நாளில் கண்ணால் கண்டவை: கரப்பான், பல்லி, கணக்கில்லை. ஓணான் ஒன்று. சுண்டெலி இரண்டு. மூஞ்சூறு ஒன்று, இதைக் கொன்றாளே தவிர, அதன் நாற்றம் தாங்காமல் வாசற்படியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். விலங்கியல்படி மூஞ்சூறு எலிச் சாதியே அல்ல, பூச்சி தின்னி. ஆனால் பிள்ளையாரின் வாகனமாயிற்றே என்று பெரியம்மா மூன்று நாள் விளக்குப் போட்டார். பீமைக் கடிக்கிற அளவுக்கு வளர்ந்த எலி: பூஜ்யம். பெருச்சாளி ஒருமுறை சாக்கடைப் பக்கமிருந்து உள்ளே வந்தது. ஒரு கிலோவுக்குக் குறையாது. மேஸ்திரி எழுந்து நின்று வழிவிட்டாள்.

ஊக்கமருந்து கொடுத்தால் மாறுமா என்றும் பார்த்தாயிற்று. பட்டறைச் சுவரோரம் குப்பைமேனி மண்டிக் கிடக்கிறது. அதன் இன்னொரு பெயர் பூனைவணங்கி; வேரைக் கண்டால் பூனை மயங்கும் என்பது பழைய அனுபவம். ஒரு செடியைப் பிடுங்கி வேரை முகர்ந்து பார்க்கக் கொடுத்தேன். முகத்தைத் தேய்த்தாள், உருண்டாள், மல்லாந்தாள், வேரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு எங்கோ பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு சுண்டெலி தறிக்காலிலிருந்து புறப்பட்டு, அவள் வாலை ஒட்டி நடந்து, கோன் மூட்டைக்குள் போயிற்று. ஓடவில்லை, நடந்தது. இச்சோதனை திரும்பச் செய்யப்படவில்லை.

இதனால் நம் மேஸ்திரியைக் குறைத்து மதிப்பிடலாகாது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு கழிவு மறுசுழற்சி ஆலையில் எலியையும் பூனைகளையும் கேமரா வைத்து 79 நாள் கவனித்த ஆய்வு 2018இல் வெளியானது. அத்தனை பூனைகளும் சேர்ந்து அத்தனை நாளில் கொன்றவை இரண்டே எலிகள். ஆனால் பூனை உலவுகிற நாளில் எலி வெளியே தலைகாட்டுவது குறைந்தது. எலியைக் காணவில்லை என்பதைப் பார்த்த மனிதர்கள், எலியே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

உண்மையும் அதுதான். மேஸ்திரி வந்த நாளிலிருந்து பெரியப்பாவின் பீமில் ஒரு கடி இல்லை. பிடிக்காமலே எப்படி ஒழிந்தது? பதில் ஒரு நாள் பக்கத்து மேற்குப் பட்டறைக்காரர் வடிவில் வந்தது. அவருடைய இரண்டு பீமிலும் பிறைக் கடி.

இதையே இவ்வாய்வு எலிப்பெயர்ச்சி என்று பெயரிடுகிறது. குருவும் சனியும் பெயர்வது போலவேதான். கிரகம் அழிவதில்லை, வீடு மாறுகிறது, ஒருவருக்கு நல்லதாகவும் அடுத்தவருக்குக் கேடாகவும் முடிகிறது. பெயர்ச்சி நேரத்துக்குப் பஞ்சாங்கம் தேவையில்லை. கரண்ட் போனால் போதும். எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நிற்கும். நம் காதுக்குள் மட்டும் தறி இன்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அது அடங்கியதும் கூரைத் தகரத்தில் சின்னச் சின்ன நகங்கள் நடக்கிற சத்தம். தறிச் சத்தத்தில் அசையாமல் தூங்கிய மேஸ்திரி, இந்த நிசப்தத்தில்தான் விழிப்பாள். ஒரு காது மட்டும் சத்தம் போகிற திசையில் திரும்பும், சுவர்வரை கூடவே போகும். நகச் சத்தம் சுவரைத் தாண்டியதும் காது பழைய இடத்துக்கு வந்துவிடும். கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். மூடிக்கொள்வாள்.

பெரிய பெயர்ச்சிக்கு ஆறு வேண்டும். 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் மேட்டூரிலிருந்து திறந்த உபரி நீர் காவிரிக்கரைத் தெருக்களுக்குள் புகுந்தபோது சனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள். எலிகளும் ஏறின. வெள்ளம் வடிந்ததும் சனங்கள் இறங்கிப் போய்விட்டார்கள்.

மேற்குப் பட்டறைக்காரர் நியாயம் கேட்டுத்தான் வந்திருந்தார். “உங்க பூனை எங்கூட்டுக்கு எலிய வெரட்டி உடுதுங்க” என்றார். பெரியப்பா, “அது பாட்டுக்குத் தூங்குதுங்க, நீங்களே பாருங்க” என்று சாட்சிக்கு மேஸ்திரியைக் காட்டினார். கடைசியில் அவளுக்குப் பிறந்து கண் திறந்து ஓடியாடிக்கொண்டிருந்த குட்டியில் ஒன்றைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு அழைத்து வந்தபோதே மேஸ்திரி நிறைசூலி என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பூனைக்கு ஒன்பது வாரம்தான் சினை. பெரியப்பா நூல் எடுக்கக் கிளம்பும்போது ஊர்ப் பூனை எது குறுக்கே போனாலும் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறவர். மேஸ்திரி நாளுக்கு நாற்பது முறை குறுக்கே போகிறாளே என்று கேட்டேன். “நம்ம பூனைக்குச் சகுனம் பாப்பாங்களா கண்ணு?” என்றார். குட்டி மேற்கே போன நாளிலிருந்து அது குறுக்கே வந்தாலும் அவர் உட்கார்ந்துவிடுகிறார்.

இப்போது இரண்டு பட்டறையிலும் பூனை. இரண்டு பட்டறையிலும் பீமில் கடி இல்லை. அப்படியானால் எலி எங்கே? முப்பத்தெட்டாம் நாள் கரண்ட் போன வேளையில், இரண்டுக்கும் நடுவே உள்ள பொதுச்சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவர், நடுவில் பொக்கை. உள்ளே ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. சுவரின் உச்சியில் மேஸ்திரி கிழக்கே பார்த்தும் மகள் மேற்கே பார்த்தும் படுத்திருந்தார்கள்.

ஆய்வு முடிவைப் பெரியப்பாவிடம் சமர்ப்பித்தேன். சுவரைப் பூசிவிடலாம், மேற்குக்காரர் பாதி மணல் கொடுத்தால் என்றார். மேற்குக்காரர், சுவர் தன் அப்பா கட்டியது, பூச வேண்டியவர் பெரியப்பாதான் என்றார். பேச்சு நீண்டுகொண்டிருக்கிறது. பெரியப்பா அவசரப்பட்டு வாங்கிய சிமெண்டு மூட்டை நான்காம் தறிக்குப் பக்கத்தில் பிரிக்காமலே கிடக்கிறது. லுங்கியைவிட அது கொஞ்சம் குளிர்ச்சி போலிருக்கிறது. மேஸ்திரி இப்போது அதன்மேல்தான் தூங்குகிறாள்.